தூவாலை எக்கியும் அதன் மெல்லிய நீர்ப்படலமும்

ஓர் எக்கி கசியத் தொடங்கினால் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதொன்றை அதே இடத்தில் பொருத்துவது இன்றைய வழக்கமாகிவிட்டது. இங்கிலாந்தின் பழைய வீடுகளில் ஷவர் எனும் தூவாலைக்கு நீரூட்டும் சிற்றெக்கிகளுக்கு இந்நிலை அடிக்கடி நேர்கிறது. புதியது வந்த சில ஆண்டுகளில் அதுவும் முன்னது கசிந்த அதே பக்கத்தில், அதே வகையில் கசிகிறது. காரணம் எக்கிக்குள் மட்டும் இல்லை. அது நிற்கும் இடத்திலும், அதற்கு நீர் வந்து சேரும் வழியிலும், அந்நீரின் வெப்பத்திலும் இருக்கிறது. அதை ஆராயாமல் செய்யும் மாற்றம் பழுதுபார்த்தல் ஆகாது என்பது என் துணிபு.

இப்படியோர் எக்கி அந்நாட்டு வீடுகளுக்கு ஏன் தேவைப்பட்டது? 19ஆம் நூற்றாண்டு இலண்டனில் தனியார் நீர்க்குழுமங்கள் நாளின் சில மணி நேரமே குழாயில் நீர் விட்டன. எஞ்சிய பொழுதுக்கு வேண்டியதை வீட்டார் தொட்டியில் நிரப்பி வைத்தனர். பின்னர் இடையறாத வழங்கல் வந்தது. ஆயினும் தொட்டி போகவில்லை. தெருக்குழாயின் முழு அழுத்தத்தில் இயங்கும் மூடிய வெந்நீர்க் கலன்களை வீடுகளில் பொருத்த அந்நாட்டு விதிகள் 1980களின் நடுப்பகுதி வரை இடம் தரவில்லை என்பதும் ஒரு காரணம். ஆகவே கூரைக்கு அடியிலுள்ள பரணில் ஒரு குளிர்நீர்த் தொட்டி, அதற்குக் கீழ்த்தளத்தில் துணி உலர்த்தும் சிற்றறைக்குள் செம்பாலான வெந்நீர்க் கலன் என்னும் அமைப்பே தலைமுறைகளாக நிலைபெற்றது. இலண்டனின் ஈஸ்ட்ஹாம், ஹாரோ பகுதிகளில் பழைய வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவும் இவ்வமைப்பை அறிந்திருக்கும். பரண் தொட்டிகளில் பரவலாகக் காணப்படுவது 50 காலன், அதாவது 227 லிட்டர் கொள்ளளவு உடையது.

நீரின் அழுத்தம் அதன் தம்பத்தின் உயரத்தைப் பொறுத்தது. தொட்டியின் அகலத்தைப் பொறுத்தது அன்று. ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீர்த்தம்பம் 1 பார் அழுத்தம் தரும். பரண் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் அதன் கீழுள்ள தூவாலைத் தலைக்கும் இடைவெளி பெரும்பாலும் ஒன்றரை மீட்டரே. அங்கே கிடைப்பது 0.15 பார். துளைகளினூடே நீர் பீறிட்டு வர அது போதாது. தலையிலிருந்து வழியத்தான் செய்யும். நம்மூர் வீடுகளிலும் மொட்டைமாடித் தொட்டிக்கு நேர்கீழே உள்ள மேல்தளக் குளியலறையில் நீர் சோர்ந்து விழுவதும், தரைத்தளக் குழாயில் விசையோடு பாய்வதும் இதே விதியால்தான். பிரஷர் பம்ப் என்று கடைகளில் கேட்டு வாங்கிப் பொருத்துவது அக்குறையைப் போக்கவே. எனவே இங்கிலாந்து வீட்டின் எக்கியைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி நம் வீட்டு எக்கிக்கும் பொருந்தும்.

தூவாலை எக்கி மையவிலக்கு வகையைச் சேர்ந்தது. பிரெஞ்சு அறிஞர் தெனி பாப்பின் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வகையை ஆராய்ந்தார். அவர் அமைத்த இதழ்கள் நேரானவை. 1851ஆம் ஆண்டு இலண்டன் ஹைடு பூங்காவில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் ஜான் அப்போல்டு என்பவர் வளைந்த இதழ்கள் கொண்ட எக்கியை வைத்தார். நேரிதழ் எக்கிகளைவிட அது பன்மடங்கு திறன் காட்டியது. இன்று குளியலறைச் சுவருக்குப் பின்னால் சுழலும் சிறு சக்கரமும் அவ்வளைவின் வழித்தோன்றலே.

அதன் செயல் எளிது. சக்கரத்தின் நடுவில் நுழையும் நீரை இதழ்கள் சுழற்றி வெளிவிளிம்புக்குத் தள்ளுகின்றன. அங்கே பெற்ற விரைவை, விரிந்துகொண்டே செல்லும் புறக்கூடு அழுத்தமாக மாற்றுகிறது. 90 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சக்கரம் நிமிடத்துக்கு 2,800 சுற்றுச் சுழல்வதாகக் கொள்வோம். அதன் விளிம்பின் விரைவு நொடிக்கு 13 மீட்டருக்குச் சற்று மேல். அவ்விரைவில் ஒரு பந்தைச் செங்குத்தாக மேலே எறிந்தால், காற்றின் தடையைக் கருதாவிடில், ஏறத்தாழ 9 மீட்டர் எழும். நீருக்கும் கணக்கு அதுவே: 9 மீட்டர்த் தம்பத்தின் அழுத்தம், அதாவது ஏறக்குறைய 0.9 பார், அவ்விரைவில் அடங்கியிருக்கிறது. முன்பு கிடைத்த 0.15 பாரோடு இதை ஒப்பிட்டால் குளிப்பவர் உணரும் வேறுபாடு விளங்கும். விரைவு இருமடங்கானால் அழுத்தம் நான்மடங்காகும். சக்கரத்தின் அளவையும் அமைப்பையும் மாற்றி 1.5 பார் முதல் 4 பார் வரை தரும் எக்கிகளைச் செய்கின்றனர்.

வெந்நீரும் தண்ணீரும் ஒத்த அழுத்தத்தில் வந்தால்தான் கலவை நிலையாக இருக்கும். ஆதலால் ஒரே மின்னோடியின் இரு முனைகளிலும் இரு சக்கரங்களைப் பூட்டுகின்றனர். ஒன்று வெந்நீருக்கு, மற்றொன்று தண்ணீருக்கு. நடுவில் மின்சாரம், இருபுறமும் நீர். இந்த அமைப்பில்தான் சிக்கல் பிறக்கிறது. சுழலும் அச்சுத்தண்டு உலர்ந்த மின்னோடியிலிருந்து நீர் நிறைந்த கூட்டுக்குள் நுழைய ஒரு துளை வேண்டும். அத்துளை தண்டைத் தடையின்றிச் சுழல விட வேண்டும். நீரையோ வெளியே விடக்கூடாது.

முற்கால எக்கிகளில் கொழுப்பில் தோய்த்த கயிற்றைத் தண்டைச் சுற்றித் திணித்து இறுக்கினர். அது சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டாவிட்டால் தண்டு தேயும். இன்றைய எக்கியில் அவ்விடத்தில் இருப்பது இயந்திர அடைப்பி, பட்டறைகளில் சொல்லும் மெக்கானிக்கல் சீல். அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு விரல் மோதிரத்தின் அளவே இருக்கும். ஒரு பக்கம் வெண்ணிறப் பீங்கான் வளையம், ரப்பர்க் கிண்ணத்தில் பதிந்து கூட்டின் சுவரோடு அசையாமல் நிற்கும். மறுபக்கம் கரிய கார்பன் வளையம், தண்டோடு சேர்ந்து சுழலும். ஒரு சிறு விற்சுருள் கரிய வளையத்தை வெண்ணிற வளையத்தின்மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். இவ்விரு முகங்களும் கண்ணாடிபோல் மின்னும்படி மெருகிடப்பட்டவை. அவற்றின் சமதளத்தை அளக்க அளவுகோல் உதவாது. ஒற்றை நிற ஒளியின் குறுக்கீட்டுப் பட்டைகளைக் கொண்டே அளக்கின்றனர். ஹீலிய ஒளியில் ஒரு பட்டை என்பது 0.29 மைக்ரான். நல்ல அடைப்பியின் முகம் இரண்டு மூன்று பட்டைகளுக்கு மேல் மேடுபள்ளம் கொண்டிருக்காது.

இத்தனை நுட்பம் எதற்கு? இரு முகங்களும் உண்மையில் ஒன்றையொன்று உரசுவதற்காக அமைந்தவை அல்ல. அவற்றின் இடையே நீர் புகுந்து ஒரு மைக்ரான் அளவிலோ அதனினும் குறைவாகவோ ஒரு படலமாக நிற்கிறது. மனிதத் தலைமயிரின் தடிப்பு 50 மைக்ரானுக்கும் மேல். அம்மயிரின் ஐம்பதில் ஒரு பங்கு தடிப்புள்ள அப்படலமே மசகாகவும் குளிர்விப்பாகவும் இயங்கி, நிமிடத்துக்கு 2,800 சுற்று உராய்விலிருந்து இரு முகங்களையும் காக்கிறது. படலத்தின் வெளி ஓரத்தில் நீர் நுண்ணளவில் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். அதாவது நலமாக உள்ள அடைப்பியும் கசிகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் கசிகிறது. படலம் அளவுக்கு மீறித் தடித்தால் சொட்டு விழும். படலம் அறவே அற்றால் அடைப்பி அழியும். இரண்டில் பின்னதே கொடியது. நாம் காணும் சொட்டு, பெரும்பாலும் எப்போதோ படலம் அற்றுப்போனதன் பின்விளைவு.

படலத்தை அறுக்கும் பகைவருள் முதலாவது காற்று. குளிர்ந்த நீரில் கரைந்திருக்கும் வளி, நீர் சூடேறும்போது பிரிந்து வெந்நீர்க் கலனின் உச்சியில் திரள்கிறது. கலனின் உச்சியிலிருந்து மேலேறும் திறப்புக் குழாயில் சாதாரணக் கிளை ஒன்றை ஒட்டி எக்கிக்கு நீர் எடுத்தால், எக்கி அவ்வளியையும் சேர்த்து உறிஞ்சும். குமிழி அடைப்பியின் முகத்தை அடைந்த கணத்தில் அங்கே நீர் இல்லை. முகங்கள் உலர்ந்து உரசுகின்றன. வெப்பம் நொடிகளில் ஏறுகிறது. அடுத்துக் குளிர்ந்த நீர் வந்து மோதும்போது பீங்கானில் மயிரிழை வெடிப்பு விழலாம்.

இரண்டாவது பகை, நுழைவாயில் குறுக்கம். நீர் எந்த வெப்பத்தில் கொதிக்கும் என்பது அழுத்தத்தைப் பொறுத்தது. 20 பாகை செல்சியசு நீரின் ஆவியழுத்தம் 2.3 கிலோபாஸ்கல்; 60 பாகை நீருக்கோ ஏறத்தாழ 20 கிலோபாஸ்கல். குழாயின் மெலிவாலோ, பாதி திறந்த வால்வினாலோ, தூசடைந்த வலையினாலோ நீர் தாராளமாக வராவிட்டால் சக்கரத்தின் வாயில் அழுத்தம் தாழும். தாழ்ந்து ஆவியழுத்தத்தைத் தொட்டால் நீர் அங்கேயே கொதித்துக் குமிழிகளாகும். அக்குமிழிகள் சற்று அப்பால் அழுத்தம் மிக்க இடத்தில் நொறுங்கும்போது கூழாங்கல்லை அரைப்பது போன்ற ஓசை கேட்கும். வெந்நீர் இந்நிலைக்குத் தண்ணீரைவிட மிக அருகில் இருக்கிறது. இரு முனைகளுள் வெந்நீர் முனையே பெரும்பாலும் முதலில் பழுதுறுவதன் காரணங்களுள் இது ஒன்று.

மூன்றாவது சுண்ணாம்பு. இலண்டனும் தென்கிழக்கு இங்கிலாந்தும் சுண்ணக்கட்டிப் பாறையினூடே ஊறிவரும் கடினநீரைப் பயன்படுத்துகின்றன. நீரில் கரைந்த கால்சியம் இருகார்பனேட்டு வெப்பத்தால் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. மற்ற உப்புகள் பல சூட்டில் மிகுதியாகக் கரையும்; இதுவோ சூட்டில் குறைவாகக் கரைவது. எக்கி ஓய்ந்திருக்கையில் முகங்களின் ஓரத்தில் ஆவியாகும் நீர் விட்டுச்செல்லும் படிகங்கள், அடுத்த முறை அது சுழலும்போது மென்மையான கார்பன் வளையத்தைக் கீறுகின்றன. நம்மூர் ஆழ்துளைக் கிணற்று நீரில் இயங்கும் எக்கிகளுக்கும் இக்கேடு பொதுவானதே.

எனவே எக்கி செய்வோர் உள்நுழையும் வெந்நீர் 65 பாகைக்கு மேற்படக் கூடாதென்று வரையறுக்கின்றனர். அப்படியானால் வெப்பத்தை நன்கு குறைத்துவிடலாமே என்று தோன்றும். ஆகாது. 1976இல் பிலடெல்பியா நகர விடுதியில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே பரவி உயிர்களைக் கொன்ற நுண்ணுயிரி இலெஜியோனெல்லா. 20 முதல் 45 பாகை வரையுள்ள நீரில் அது பெருகும். தூவாலையின் நுண்திவலைகளோடு நுரையீரலை அடையும். அதனைத் தடுக்கவே வெந்நீரைக் குறைந்தது 60 பாகையில் சேமிக்குமாறு பிரிட்டனின் நலவாழ்வு, பாதுகாப்பு அமைப்பு வழிகாட்டுகிறது. உடல்நலம் கேட்பது 60. எக்கி தாங்குவது 65. இடைப்பட்ட அந்த ஐந்து பாகையில் கலனின் வெப்பநிலைக் கட்டுப்பாட்டி நிற்க வேண்டும். எக்கி கசியும் வீடுகளில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இக்கட்டுப்பாட்டியைத்தான். பலரும் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

இனிக் கசிவின் இடத்தைக் காணும் முறை. அவசரம் இங்கே ஆகாது. கசிவைப் பொறுத்துக் கொள்ளவும் ஆகாது. நொடிக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்தாலும் ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் சேரும். எக்கியின் கீழிருப்பது மரத்துகள் பலகைத் தளமாயின் அது ஊறி உப்பிவிடும். முதலில் சுவரிலுள்ள இணைப்பில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பின்னர் எக்கியையும் குழாய்களையும் நன்கு துடைத்து உலர்த்தி, அடியில் உலர்ந்த தாளை விரித்து, ஓய்வு நிலையிலேயே சில மணி நேரம் விட வேண்டும். ஓய்விலேயே தாள் ஒரு குழாய் இணைப்பின் கீழ் நனைந்தால் குற்றம் பெரும்பாலும் இணைப்பினுடையது; உள்ளேயுள்ள ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும், அல்லது குழாய் சாய்வாக இழுக்கப்பட்டிருக்கும். கூட்டின் இரு பகுதிகளும் சேரும் விளிம்பில் ஈரம் கண்டால் ஓ-ரிங் எனும் வளையம் கெட்டிருக்கும். இவ்விரண்டும் எளிய பழுதுகள். இவற்றுக்காக எக்கியை எறிவது வீண்.

மின்னோடிக்கும் நீர்க்கூட்டுக்கும் இடையே, அடிப்புறத்தில், ஒரு சிறு வடிதுளை இருப்பதுண்டு. அடைப்பியைத் தாண்டி வந்த நீர் மின்னோடிக்குள் போகாமல் வெளியே விழுவதற்காக அமைத்த வாய் அது. அத்துளையைச் சுற்றி வெண்ணிறச் சுண்ணாம்புப் பொருக்கு படர்ந்திருந்தால் அடைப்பி நெடுநாளாகக் கசிந்துவருகிறது. பொருக்கோடு செந்நிறக் கறையும் கலந்திருந்தால் நீர் இரும்பைத் தொட்டுவிட்டது. பந்துத் தாங்கிகளின் மசகு கரைந்து துருவேறியிருக்கும். எக்கி சுழலும்போது கீச்சென்ற ஓலம் கேட்கும். இன்னோர் அறிகுறி செவிக்குரியது. அழுத்த உணரி கொண்ட எக்கிகளில், யாரும் குளிக்காத நள்ளிரவில் எக்கி ஒரு நொடி உறுமி அடங்கினால், அதற்கு அப்பாலுள்ள குழாயிலோ தூவாலையிலோ எங்கோ நீர் சொட்டுகிறது, எக்கி குற்றமற்றது.

அடைப்பியை மாற்றுவது பொறுமையுள்ளவர் செய்யக்கூடிய வேலை. ஆனால் மின்சாரமும் நீரும் அருகருகே இருப்பதால் துணிவு மட்டும் போதாது. மின்னோடியின் மின்தேக்கி, மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும் என்பதை மறக்கலாகாது. வால்வுகளை மூடி, எஞ்சிய நீரை வடித்து, கூட்டைத் திறந்து, சக்கரத்தை எடுத்தால் அடைப்பியின் இரு பாதிகளும் தெரியும். பழைய கார்பன் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அதன் வரலாறு விளங்கும். வட்ட வட்டக் கீறல்கள் தெரிந்தால் சுண்ணாம்போ மணலோ காரணம். முகம் கருகி ஓரம் உதிர்ந்திருந்தால் எக்கி உலர்ந்து ஓடியிருக்கிறது. புதிய முகங்களை விரலால் தொடவே கூடாது. ரப்பர்ப் பகுதிகள் வழுக்கி அமர, சில துளி சவர்க்கார நீர் போதும். வண்டிக்கு இடும் கனிம எண்ணெயையோ மசகையோ தடவினால் நீர்க்கருவிகளில் பயன்படும் இ.பி.டி.எம் ரப்பர் உப்பிக் கெடும். மசகு வேண்டுமெனில் சிலிக்கோன் மசகே ஏற்றது. எக்கியில் நீர் நிரம்பிக் காற்று முழுதும் வெளியேறிய பின்பே மின்சாரம் கொடுக்க வேண்டும். உலர்ந்து ஓடும் சில நொடிகளே புதிய அடைப்பியைப் பழையதாக்கிவிடும்.

சில நிறுவனங்கள் அடைப்பியைத் தனியே விற்கின்றன, சில விற்பதில்லை. உறுதிக்காலம் முடியாத எக்கியைத் திறந்தால் உறுதி போய்விடும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தாங்கிகள் வரை நீர் போய்விட்ட எக்கியைப் பழுதுபார்ப்பது பயனற்றது, புதியதே தீர்வு. அப்போது குழாய்வழியையும் சேர்த்துத் திருத்த வேண்டும். வெந்நீர்க் கலனின் பக்கச்சுவரில் துளையிட்டு, வளி திரளும் உச்சிக்குக் கீழிருந்து நீர் எடுக்கும் எசெக்ஸ் பிளேஞ்ச், அல்லது உச்சித் திறப்பின் வழியே ஒரு குழாயைக் கலனுக்குள் இறக்கிக் காற்றில்லாத நீரை எடுக்கும் சர்ரே பிளேஞ்ச் ஆகியவற்றுள் ஒன்று கட்டாயம் வேண்டும். தண்ணீருக்கும் பரண் தொட்டியிலிருந்து எக்கிக்கென்றே தனிக்குழாய் வேண்டும். இருபுறமும் முழுத்துளை வால்வுகள் இருந்தால் அடுத்த முறை வீட்டின் நீரையெல்லாம் வடிக்க வேண்டியதில்லை. எக்கி தரைமட்டத்தில், கலனின் அடியருகே, அதிர்வு தாங்கும் நெகிழ்குழாய்களோடு நிற்க வேண்டும். எக்கியருகே பற்றவைக்கக் கூடாது. பற்றாசோடு இடும் இளக்கி உள்ளே புகுந்தால் ரப்பரையும் நெகிழியையும் அரிக்கும். குழாய்களை நன்கு அலசிய பின்பே எக்கியோடு இணைக்க வேண்டும். இங்கிலாந்தின் 1999ஆம் ஆண்டு நீர்ப் பொருத்துறுப்பு விதிகளின்படி, நிமிடத்துக்கு 12 லிட்டருக்கு மேல் இழுக்கும் எக்கியை நீர் நிறுவனத்துக்கு அறிவிக்காமல் தெருக்குழாயோடு இணைத்தல் குற்றம். அது அண்டை வீட்டாரின் நீரை உறிஞ்சும். கழிநீரைக் குடிநீர்க் குழாய்க்குள் இழுக்கவும் கூடும். மின்னிணைப்புக்கு உருகியுள்ள தனி இணைப்பும், 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் காப்பும் இன்றியமையாதவை. அதைத் தகுதி பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும்.

ஆகவே எக்கியை மாற்ற வருபவரிடம் விலையைக் கேட்குமுன் இவற்றைக் கேளுங்கள்: பழையது எதனால் கெட்டது? வெந்நீரைக் கலனின் எவ்விடத்திலிருந்து எடுக்கப் போகிறீர்? கட்டுப்பாட்டி எத்தனை பாகையில் நிற்கிறது? இவற்றுக்கு விடை சொல்லாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.